பிஆர்சிஏ1 மரபணு மாற்றம் இருப்பது உறுதி, வயது 38. சினைப்பையை மட்டும் எடுக்கவா, மார்பகமும் சேர்த்தா?

வைகைக்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்ல முடியவில்லை.

மதுரை, வயது 38, ஒரே மகள், நான்காம் வகுப்பு படிக்கிறாள். அம்மா சினைப்பைப் புற்றுநோயில் 52 வயதில் போய்விட்டார். வயிறு உப்புசம், பசியே இல்லை என்று ஏழு மாதம் கேஸ் மாத்திரையும் சீரகத் தண்ணீருமாகவே ஓட்டினோம். ஸ்கேன் எடுத்தபோது வயிறு முழுக்க நீர். போன வருடம் அக்காவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது, டிரிபிள் நெகட்டிவ் வகை, ஹார்மோன் மருந்து வேலை செய்யாத வகையாம். அம்மாவின் கதையையும் கேட்டுவிட்டு மருத்துவர் மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். பிஆர்சிஏ1 மரபணுவில் மாற்றம் இருந்தது, அது இருந்தால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகமாம். அப்புறம் எனக்கு அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தார்கள். எனக்கும் இருக்கிறது. அறிக்கையில் சி.68_69டெல்ஏஜி என்று போட்டிருக்கிறது, அந்த எழுத்துகளை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இங்கே பார்த்த ஒரு அறுவை மருத்துவர் பத்தே நிமிடத்தில், "ஒரே மயக்கத்தில் மேலே கீழே எல்லாவற்றையும் முடித்துவிடலாம், திரும்பத் திரும்ப வர வேண்டாம்" என்றார். தேதிகூடக் குறித்துவிட்டார். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அத்தை (மாமியார்) சொல்வது, "நோயே வராத உடம்பை எதற்கு அறுக்க வேண்டும், குலதெய்வத்துக்கு முடி இறக்கினால் போதும்". வீட்டுக்காரர் "நீ எது சொன்னாலும் சரி" என்கிறார், அது ஆதரவா, தப்பித்துக்கொள்வதா என்று புரியவில்லை. இணையத்தில் மார்பகப் புற்றுநோய் வர 87 சதவீதம் வாய்ப்பு என்று போட்டிருப்பதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை.

செய்துகொண்டவர்கள், வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இரண்டு பேருமே எழுதுங்கள்.

கீழவாசல்

தங்கச்சி, முதலில் அந்தத் தேதியை ரத்து செய். உனக்கு இருப்பது வாரக் கணக்கில் அவசரப்பட வேண்டிய விஷயம் இல்லை.

எனக்கு இப்போது 46, பிஆர்சிஏ1தான். 40 முடிந்து மூன்றாவது மாதம் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் எடுத்தேன், மார்பகத்தை இன்றுவரை எடுக்கவில்லை. நான் ஒரு வருடம் குழம்பித் தெரிந்துகொண்டதை உனக்கு ஒரே வரியில் சொல்கிறேன்: இது ஒரு முடிவு இல்லை, இரண்டு முடிவு. கீழே இருப்பதற்கு ஒரு கணக்கு, மேலே இருப்பதற்கு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கையில் கொடுத்தால் யாருக்கும் தலை சுற்றும். மார்பகத்தைக் கண்காணிக்க நல்ல வழி இருக்கிறது. சினைப்பையைக் கண்காணிக்க இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

அந்த 87 ஆஞ்சலினா ஜோலியின் எண். 2013 மே மாதம் நியூயார்க் டைம்ஸில் தன் மார்பகங்களை எடுத்ததைப் பற்றி எழுதியபோது, மருத்துவர்கள் தனக்குச் சொன்ன கணக்கு மார்பகத்துக்கு 87, சினைப்பைக்கு 50 என்று எழுதியிருந்தார். அது அவருக்குச் சொன்னது. அவர்கூட இரண்டையும் ஒன்றாகச் செய்யவில்லை என்பதைக் கவனி, சினைப்பையை 2015-இல்தான் எடுத்தார். அவருடைய அம்மா 56 வயதில் போனவர்.

பழைய செவிலி

புற்றுநோய் அறுவை அரங்கில் 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை, அதனால் நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எண்களை முதலில் சரி செய்துவிடுவோம். 2017-இல் ஜாமா மருத்துவ இதழில் பல நாட்டுக் குடும்பங்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று வந்தது. 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிஆர்சிஏ1 உள்ளவர்களுக்கு 72 சதவீதம், அதே போன்ற இன்னொரு மரபணுவான பிஆர்சிஏ2-இல் மாற்றம் உள்ளவர்களுக்கு 69. சினைப்பையில் பிஆர்சிஏ1-க்கு 44, பிஆர்சிஏ2-க்கு 17. இது 80 வயது வரைக்குமான மொத்தக் கணக்கு, அடுத்த வருடத்துக்கான கணக்கு இல்லை. இந்த ஒரு விஷயம் புரியாமல் எத்தனையோ பெண்கள் என் கண் முன்னால் நடுங்கியிருக்கிறார்கள்.

சினைப்பைக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள் என்றால், பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களை வைத்து ரத்தத்தில் சிஏ125 என்ற புரதத்தின் அளவும் ஸ்கேனும் வருடக்கணக்கில் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: அப்படிப் பார்த்ததால் சாவு குறையவில்லை. அவர்கள் பொதுவான பெண்கள், உங்களைப் போல மரபணு மாற்றம் உள்ளவர்கள் அல்ல, ஆனால் மாற்றம் உள்ளவர்களுக்கும் நம்பி உட்கார்ந்திருக்கும்படியான பரிசோதனை இன்னும் கிடைக்கவில்லை. "ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த நிம்மதியில் பாதி பொய். உங்கள் அம்மாவுக்கு நடந்ததுதான் பலருக்கும் நடக்கிறது, உப்புசம் என்று வரும்போது நோய் பரவியிருக்கும். நீங்கள் சீரகத் தண்ணீர் கொடுத்தது உங்கள் தப்பு இல்லை, அதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

எடுக்கும் வயது பிஆர்சிஏ1-க்கு 35 முதல் 40, பிள்ளைப்பேறு முடிந்த பிறகு. பிஆர்சிஏ2-க்கு அந்த நோய் தாமதமாக வருவதால் 40 முதல் 45 வரை பொறுக்கலாம் என்பார்கள். உங்களுக்கு 38. காலம் இருக்கிறது, ஆனால் ஐந்து வருடம் தள்ளிப்போடும் காலம் இல்லை.

இன்னொன்று. அறுவை செய்பவர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு முக்கியம் பிறகு திசுவைப் பார்க்கும் நோயியல் நிபுணர். இந்த வகைப் புற்றுநோய் பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதில்லை, கருக்குழாயின் விரல் விரலாக விரிந்திருக்கும் நுனியில்தான் தொடங்குகிறது என்பது இப்போது தெளிவு. அதனால் குழாயை முழுக்க இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சீவி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு துண்டு வெட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று எழுதினால் போதாது. நல்லபடியாகத்தான் இருக்கிறது என்று நினைத்து எடுத்தவர்களில் நூற்றில் சிலருக்கு அந்த நுனியில் கண்ணுக்குத் தெரியாத புற்று இருந்திருக்கிறது. "என்னிடம் மரபணு மாற்றம் இருக்கிறது, குழாயை முழுதாகச் சீவிப் பாருங்கள், வயிற்றைக் கழுவிய நீரையும் சோதனைக்கு அனுப்புங்கள்" என்று முன்னாடியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

நல்லதை நினை

எல்லோரும் எடு எடு என்கிறீர்கள், நான் எதிர்ப்பக்கம் பேசுகிறேன், கோபப்பட வேண்டாம்.

என் பெரியம்மாவுக்கு 36 வயதில் வெள்ளைப்படுதல் என்று போன இடத்தில் "விட்டால் புற்றுநோய் ஆகிவிடும்" என்று பயமுறுத்திக் கருப்பை, சினைப்பை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். அப்புறம் அந்த மனுஷி 36 வயதில் கிழவி ஆனார். இடுப்பு வலி, முட்டி வலி, எரிச்சல், ராத்திரி முழுக்கப் புடவையை உதறிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். 55-இல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. எலும்பு தேய்ந்துவிட்டது என்று யாருமே அதுவரை சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களுக்கு என்ன நடந்தது என்று 2019-இல் எல்லோரும் படித்தோம், கூலி போய்விடக் கூடாதென்று கருப்பையையே எடுத்துக்கொண்டார்கள், எடுத்துவிட்டார்கள். பெண் உடம்பு என்றால் கத்தி வைப்பது இவ்வளவு சுலபமாகிவிட்ட நாட்டில் "முன்னெச்சரிக்கை அறுவை" என்று கேட்டாலே எனக்கு வயிறு கலங்குகிறது. 44 சதவீதம் என்றால் 56 பேருக்கு வராது என்றும்தானே அர்த்தம்?

பழைய செவிலி

உங்கள் பெரியம்மாவுக்கு நடந்தது அநியாயம். அப்படிப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன், அதனால் உங்கள் பயத்தைத் தள்ளிப் பேச மாட்டேன். 56 பேருக்கு வராது என்பதும் உண்மை. யார் அந்த 56 என்று சொல்லத் தெரியாததுதான் துயரம்.

ஆனால் அவருக்குக் காரணம் இல்லாமல் எடுத்தார்கள், எடுத்த பிறகு கைகழுவிவிட்டார்கள். இங்கே காரணம் அறிக்கையில் இருக்கிறது. பிறகு செய்ய வேண்டியதும் தெரியும்: மார்பகப் புற்றுநோய் வராத பெண்ணாக இருந்தால், சினைப்பை எடுத்த பிறகு இயல்பாக மாதவிலக்கு நிற்கும் வயது வரை, அதாவது 50 வாக்கில் வரை, ஹார்மோன் கொடுப்பார்கள். எலும்பு அடர்த்தி ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி, நடை. பெரியம்மாவுக்கு இதில் ஒன்றாவது யாராவது சொன்னார்களா? வைகைக்கரையின் அக்காவுக்கு அந்த ஹார்மோன் கொடுக்க மாட்டார்கள், ஏற்கெனவே மார்பகத்தில் வந்துவிட்டது. அக்காவுக்கு நடப்பதை வைத்துத் தனக்கும் அப்படித்தான் என்று வைகைக்கரை பயந்துவிடக் கூடாது.

கருப்பையைக் கட்டாயம் எடுக்க வேண்டும் என்பதில்லை. கருப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். சிலர் அதற்காகவே கருப்பையையும் எடுக்கிறார்கள், சிலர் அறுவை சின்னதாக இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இதை மேசையில் படுத்த பிறகு பேசக் கூடாது.

கீழவாசல்

நல்லதை நினை சொன்ன அந்தப் புடவை உதறுவது உண்மை. எனக்கும் வந்தது. கண் விழித்தால் கழுத்துக்குக் கீழே யாரோ வெந்நீரை ஊற்றியது போல இருக்கும், இரண்டு நிமிடத்தில் குளிரும். ஹார்மோன் ஜெல் தடவ ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் பெரும்பாலும் அடங்கியது. அடங்காதது ஒன்று, உறவின்போது வறட்சியும் வலியும். அதை மருத்துவரிடம் கேட்க எனக்கு எட்டு மாதம் ஆனது. எட்டு மாதம்! கேட்டதும் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார், சரியாகிவிட்டது. நீ முதல் நாளே கேட்டுவிடு, தங்கச்சி.

தேன்சிட்டு

நான் பெங்களூரு, 34, பிஆர்சிஏ2. மார்பகத்தை எடுக்கவில்லை, எடுக்கவும் இப்போதைக்கு எண்ணம் இல்லை. கண்காணிப்பு என்று எல்லோரும் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள், அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

வருடத்துக்கு ஒரு எம்ஆர்ஐ, ஆறு மாதம் தள்ளி ஒரு மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. எம்ஆர்ஐ 25 வயதிலிருந்து, மேமோகிராம் 30-இலிருந்து. மாதவிலக்கு தொடங்கி ஏழாம் நாளிலிருந்து பதினைந்தாம் நாளுக்குள் எம்ஆர்ஐ எடுத்தால்தான் படம் தெளிவாக வரும், ஆகவே என் சுழற்சியும் ஸ்கேன் மையத்தின் தேதியும் என் அலுவலக விடுப்பும் ஒன்றாகச் சேர வேண்டும். குப்புறப் படுக்க வேண்டும், மார்பு இரண்டும் இரண்டு குழிக்குள் தொங்கும், கையில் ஊசி வழியாக மருந்து ஏறும்போது நாக்கில் லேசாக இரும்பு ருசி. அரைமணி நேரத்துக்கு மேல் அசையக் கூடாது, மிஷின் தகரத்தில் அடிப்பது போல் அடிக்கும். நான் மனதுக்குள் பதினாறாம் வாய்ப்பாடு சொல்வேன்.

2022-இல் வலது பக்கம் ஏதோ பளிச்சென்று தெரிகிறது என்றார்கள். பயாப்சி, முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் என் மகனுக்கு ஐந்தாம் பிறந்தநாள் வந்தது, கேக் வெட்டும் புகைப்படத்தில் நான் கேமராவைப் பார்க்கவே இல்லை. கடைசியில் ஒன்றும் இல்லாத கட்டி. எம்ஆர்ஐ அப்படித்தான், சின்னதையும் விடாது, சும்மா இருப்பதையும் விடாது. இந்த ஒன்பது நாளை வருடா வருடம் தாங்க முடியுமா என்பதுதான் கேள்வி. என்னால் முடிகிறது. என் சித்தி மகளால் முடியவில்லை, அவள் எடுத்துவிட்டாள். இரண்டு பேரும் சரியாகத்தான் செய்தோம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: கண்காணிப்பு நோயைத் தடுக்காது, சீக்கிரம் கண்டுபிடிக்கும், அவ்வளவுதான். மார்பக அறுவையோ நோய் வரும் வாய்ப்பையே 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனால் உயிர் பிழைப்பதில் எம்ஆர்ஐ கண்காணிப்புக்கும் மார்பக நீக்கத்துக்கும் அந்த அளவு பெரிய இடைவெளி இல்லை, முக்கியமாக பிஆர்சிஏ2-இல் என்று என் மருத்துவர் விளக்கினார். சினைப்பையில் அப்படி இல்லை, அங்கே எடுத்தவர்கள் கூடுதலாக உயிரோடு இருக்கிறார்கள்.

ஸ்கார்பரோ மழை

யாழ்ப்பாணம், இப்ப கனடா. வயது 44. இரண்டு மார்பையும் எடுத்து மூன்று வருடம், உள்ளுக்கு ஒன்றும் வைக்கவில்லை, தட்டையாகத்தான் இருக்கிறேன்.

அம்மா, பெரியம்மா, ஒரு மச்சாள், மூன்று பேரும் மார்பகப் புற்றுநோயில் போனவை. ஒன்ராறியோவில் என்னைப் போன்ற ஆக்களுக்கு 30 வயதிலிருந்து 69 வரை வருடம் ஒரு எம்ஆர்ஐ அரசாங்கமே எடுக்கிறது, ஆறு வருடம் போனேன். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரைக்கும் நான் அம்மாவின்ர கட்டிலுக்குப் பக்கத்தில் திரும்பவும் இருக்கிற மாதிரி. ஏழாவது வருடம் வைத்தியரிடம் போய் எடுங்கோ என்றேன். தேன்சிட்டு சொன்னது சரி, அவரவருக்கு என்ன தாங்கும் என்றதுதான்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு இரண்டு பக்கமும் குழாய் வைத்து, நுனியில் கைக்குண்டு அளவில் ஒரு பிளாஸ்டிக் உருண்டை தொங்கும், அதில் வடிகிற நீரை ஒரு நாளைக்கு இரண்டு தரம் அளந்து எழுத வேணும். பத்து நாள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை நாலைந்து எடுத்து வையுங்கோ, கையை மேலே தூக்க ஏலாது, தலை இழுக்க இன்னொரு ஆள் வேணும். என்ர மனிசன்தான் தலை இழுத்துப் பின்னிவிட்டவர், கோணல் மாணலாக.

பிறகும் மரத்துப்போய்த்தான் இருக்கு. சுடுதண்ணி பட்டாலும் தெரியாது, மகள் கட்டிப்பிடித்தால் அழுத்தம் தெரியும், சூடு தெரியாது. காம்பை விட்டு உள்ளுக்கு சிலிக்கன் வைக்கலாம், வயிற்றுக் கொழுப்பை எடுத்து மார்பு செய்யலாம் என்று எல்லாம் சொன்னவை. வயிற்றிலிருந்து எடுத்துச் செய்கிறது எட்டுப் பத்து மணித்தியால வேலை. சிலிக்கன் எண்டால் பிறகும் எப்பவோ ஒருநாள் மாற்ற வேண்டி வரலாம். எனக்கு ஒரே தரத்தில் முடிய வேணும் என்றதுதான் ஆசை. எந்தப் பக்கம் போனாலும் அந்த உணர்வு போகும் என்றதை ஒருத்தரும் எனக்கு வடிவாச் சொல்லேல்லை, அதுதான் எனக்குக் குறை. மற்றபடி ஒருநாளும் வருத்தப்படவில்லை.

முருங்கைமரம்

ஆண்கள் யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். எனக்கும் பிஆர்சிஏ2 இருக்கிறது. அப்பா வழியில் வந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருடைய தங்கைகள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். "அது அம்மா வீட்டு நோய், அப்பா வழியில் எப்படி வரும்" என்று எங்கள் குடும்பத்தில் இருபது வருடம் யாரும் சோதிக்கவே இல்லை. பெற்றவர் யாராக இருந்தாலும் பிள்ளைக்குப் போக பாதிக்குப் பாதி வாய்ப்பு, மகன் மகள் வித்தியாசம் கிடையாது. வைகைக்கரைக்குச் சகோதரன், மாமா, சித்தி யாராவது இருந்தால் அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

கணவர் "நீ எது சொன்னாலும் சரி" என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் என் தங்கையிடம் அதே வார்த்தையைச் சொன்னேன். பயத்தில் சொன்னது. ஒருநாள் அவள் "அண்ணா, என்னோடு அந்த மரபணு ஆலோசகர் அறைக்குள் வந்து உட்கார், வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம்" என்றாள். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. அவரையும் உள்ளே கூட்டிப் போங்கள்.

மார்கழி

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு 24. அம்மாவுக்கு பிஆர்சிஏ1. வீட்டில் வரன் பார்க்கிறார்கள். நான் சோதித்துக்கொள்ளவா என்று கேட்டால், "தெரிந்துவிட்டால் மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டிவரும், தெரியாமலே இரு" என்று பாட்டி சத்தியம் வாங்கப் பார்க்கிறார். அம்மா ஒன்றும் பேசாமல் அழுகிறார். என்ன செய்ய?

கீழவாசல்

மார்கழிக் குட்டி, சோதித்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் உரிமை, பாட்டியுடையது இல்லை. ஆனால் தெரிந்துகொண்டால் 25-இலிருந்து எம்ஆர்ஐ ஆரம்பிக்கலாம், பிள்ளை எப்போது என்று யோசிக்கலாம், சினைப்பையை எடுக்க 35 வரையாவது காலம் இருக்கிறது. யாரும் உன்னை நாளைக்கே அறுக்கப்போவதில்லை. மாற்றம் இல்லை என்று வரவும் பாதி வாய்ப்பு உண்டு.

மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர் கூட்டிச் சொல்ல வேண்டாம். கட்டிக்கொள்ளப்போகிறவனிடம் மட்டும் நீயே, நேராக, நிச்சயத்துக்கு முன்னால் சொல். என் கணவருக்குக் கல்யாணமாகி பதினாறாம் வருடம்தான் தெரிந்தது, அதுவும் என் தங்கைக்கு நோய் வந்த பிறகு. முன்னாடியே தெரிந்திருந்தால் கட்டியிருக்க மாட்டீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "முன்னாடியே தெரிந்திருந்தால் உன் தங்கையை முன்னாடியே கூட்டிப் போயிருப்பேன்" என்றார்.

நல்லதை நினை

இதில் நானும் கீழவாசல் பக்கம்தான். மறைத்துக் கட்டி வைத்துப் பிறகு தெரிந்தால் அந்தப் பெண் காலம் முழுக்க ஏச்சு வாங்குவாள்.

பழைய செவிலி

மார்கழி, போகும்போது அம்மாவின் அறிக்கையைக் கையில் கொண்டு போ. அந்த ஒரு இடத்தை மட்டும் சோதித்தால் போதும், செலவு குறைவு, பதிலும் ஆம் இல்லை என்று தெளிவாக வரும். அறிக்கை இல்லாமல் முழுதாகச் சோதித்தால் "அர்த்தம் இன்னும் தெரியாத மாற்றம்" என்று எதையாவது எழுதி அனுப்பிவிட வாய்ப்பு உண்டு. அப்படி வந்த முடிவை வைத்துக்கொண்டு யாருமே அறுவைக்குப் போகக் கூடாது. இதை எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அதில் பெரும்பாலானவை பின்னாளில் ஒன்றும் இல்லை என்றுதான் மாறுகின்றன.

வைகைக்கரை, உங்கள் சி.68_69டெல்ஏஜி பழைய பெயரில் 185டெல்ஏஜி. கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடம் அதிகம் காணப்படுவதாக முதலில் பெயர் வாங்கியது. அதைக் கேட்டதும் "நமக்கு எப்படி வந்தது" என்று அறைக்குள் எல்லோரும் கேட்பார்கள். தென்னிந்தியக் குடும்பங்களிலும் அது இருக்கிறது, ஒரு இந்தியக் குடும்பத்தில் அது தனியாகவே தோன்றியிருக்கிறது என்று 2007-இல் ஆய்வு வந்திருக்கிறது. யார் சாபமும் இல்லை, இரண்டு எழுத்து விட்டுப்போனது, அவ்வளவுதான். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே ஆலோசனை உண்டு, வேலூர் சிஎம்சியில் மரபணு மருத்துவப் பிரிவு உண்டு. பத்து நிமிடத்தில் தேதி குறிக்கிறவரிடம் போகாமல் அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

முருங்கைமரம்

காப்பீடு பற்றி ஒரு வரி. தங்கைக்கு முதலில் "நோய் இல்லாமல் செய்யும் அறுவைக்குப் பணம் இல்லை" என்று மறுத்துவிட்டார்கள். மருத்துவமனையின் புற்றுநோய்க் குழு கையெழுத்திட்ட கடிதம், மரபணு அறிக்கை, குடும்ப வரைபடம் மூன்றையும் சேர்த்து மேல்முறையீடு செய்தோம், அறுவைக்கு முன்பே எழுத்தில் அனுமதி கேட்டோம். பாதிப் பணம் வந்தது. 2018-இல் தில்லி உயர் நீதிமன்றம், மரபணுக் கோளாறு என்று பொதுவாகச் சொல்லி இழப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று சொன்னது. அந்தத் தீர்ப்பையும் கடிதத்தில் குறிப்பிட்டோம், அதனால்தான் கிடைத்ததா என்று சொல்ல முடியாது.

வைகைக்கரை

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் நாலு தடவை படித்தேன்.

அந்தத் தேதியை அன்றே ரத்து செய்தேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் நானும் அவரும் சென்னை போனோம். ஆலோசகர் ஒரு வெள்ளைத்தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தை வரைந்தார், பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், போனவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. அம்மாவின் வட்டத்தில் கோடு போட்டதும் அவர் அழுதுவிட்டார், நான் இல்லை, என் வீட்டுக்காரர். அப்புறம் ஒன்றேகால் மணி நேரம் நான் கேட்க நினைத்ததை எல்லாம் அவரே கேட்டார். குழாயை மட்டும் முதலில் எடுத்துவிட்டு சினைப்பையைப் பிறகு எடுக்கலாமா என்றுகூடக் கேட்டார், எங்கே படித்தாரோ. அதை நெதர்லாந்து, பிரிட்டன், அமெரிக்காவில் இப்போதுதான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன் என்றார் மருத்துவர்.

முடிவு இது: சினைப்பை, கருக்குழாய் இரண்டும் எடுத்தாயிற்று, சாவித்துளை அறுவை, கருப்பையை விட்டுவிட்டோம். மார்பகத்துக்கு எம்ஆர்ஐ, இரண்டு வருடம் பார்க்கிறேன். தேன்சிட்டின் ஒன்பது நாள் எனக்குத் தாங்குமா என்று தெரிந்துகொண்டு அப்புறம் யோசிப்பேன். எடுக்க வேண்டும் என்று தோன்றினால் ஸ்கார்பரோ அக்காவிடம் மறுபடி வருவேன்.

நோயியல் அறிக்கை பன்னிரண்டாம் நாள் வந்தது. "முழுக் குழாயும் சீவிப் பார்க்கப்பட்டது" என்ற வரியைத்தான் முதலில் தேடினேன், இருந்தது. புற்று இல்லை, முன்நிலை மாற்றமும் இல்லை, கழுவிய நீரிலும் இல்லை. வயிற்று உள்சவ்வில் புற்று வர நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு வாய்ப்பு இன்னும் மிச்சம் உண்டு என்று அவர்களே சொல்லித்தான் அனுப்பினார்கள்.

நான் வீட்டுக்கு வந்த முதல் நாள் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சோறு போட்டார். மூன்றாம் நாள் ராத்திரி எனக்குத் தகிப்பு வந்து எழுந்து உட்கார்ந்தபோது பனை விசிறியோடு பக்கத்தில் நின்றார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "எனக்கும் இப்படித்தான் இருந்தது, அப்போ கேட்க ஆள் இல்லை" என்றார். முடி இறக்கும் வேண்டுதலை அவர் விடவில்லை, அக்காவின் கீமோ முடிந்ததும் எல்லோருமாகப் போகிறோம். அக்காவுக்கு ஏற்கெனவே முடி இல்லை, அதனால் என் முடி.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். மகளைப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் கொண்டுவிட எப்போது ஆரம்பிக்கலாம்?

கீழவாசல்

நான் மூன்றாம் வாரத்தில் ஓட்டினேன், சாவித்துளைதான் எனக்கும். திடீரென்று பிரேக் பிடித்தால் வயிற்றில் சுள்ளென்று இழுக்கிறதா என்று வண்டியை நிறுத்தி வைத்தே ஒருமுறை அழுத்திப் பார். இழுத்தால் இன்னும் ஒரு வாரம் பொறு. மறுபரிசோதனைக்குப் போகும்போது அவர்களிடமும் கேட்டுக்கொள். பள்ளிப் பையை முன்னால் வைக்காதே, பாப்பாவே முதுகில் மாட்டிக்கொள்ளட்டும்.